நாலரைக் கிலோ

கிளைபேடா துறைமுகத்தின் ஏழாம் கிரேனில்
பத்தொன்பது வருடம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவர்
என் கட்டிலில் குப்புறப் படுத்து
முகத்துக்கான ஓட்டைக்குள்ளிருந்து சொன்னார்:
"இங்கேயும் அதேதானா?
உங்கள் செருப்பு தெரிகிறது.
இடது வார் அறுந்திருக்கிறது."

வீகந்தஸ் என்று பெயர்.
திரும்பிப் பார்த்துக் காரைப் பின்னால் எடுக்க முடியவில்லை,
அதற்காகத்தான் வந்தாராம்.
வலி என்ற சொல்லை உபயோகிக்கவில்லை.
இந்த ஊரில் பலரும் அப்படித்தான்.
முப்பது டன் பெட்டியை முட்டை போல இறக்கிவைப்பார்கள்.
வலியை மட்டும் ரசீதில் எழுத மாட்டார்கள்.

மல்லாந்து படுக்கச் சொன்னேன்.
வெந்நீர்க் குழாயில் கைகளைக் காட்டித் துடைத்தேன்.
பிப்ரவரி மாதம். படகுத்துறைப் பக்கம்
ஐஸ் விரிசல் விடும் சத்தம்.
"இப்படிச் சடக்கென்று ஒடிப்பீர்களா?"
"மாட்டேன்."
அவர் முகம் கொஞ்சம் வாடியது.
பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான்:
மண்டையோட்டின் கீழ்விளிம்பில்
பிடரிக் குழியின் இரு கரையிலும்
விரல் நுனிகளை நிறுத்திவைப்பேன்.
அழுத்த மாட்டேன்.
தலை தானாக வந்து விரல்மேல் உட்காரும்வரை இருப்பேன்.
அங்கே சின்னஞ்சிறு தசைகள்,
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
கப்பல், லாரி, மறுபடி கப்பல் என்று
கண் போன இடமெல்லாம்
கூடவே ஓடி ஓடிச் சலித்தவை.

"தலையைக் கொடுங்கள்" என்றேன்.
"கொடுத்துவிட்டேனே."
கொடுக்கவில்லை.
என் உள்ளங்கைக்கு ஒரு நூல் மேலே
அதை அவரேதான் பிடித்துக்கொண்டிருந்தார்.
தலைக்கனம் துளியும் இல்லாத மனிதர்,
ஆனால் தலையின் கனத்தை
இன்னொருவரிடம் இறக்கத் தெரியவில்லை.

இரண்டு புதன்கிழமைகள் அப்படியே போயின.
ஈர மணலில் அமிழ்வதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம்
நானும் உளறிப் பார்த்தேன்.
"மணலில் அமிழ்ந்தால் கிரேன் சாய்ந்துவிடும்" என்றார்.

மூன்றாம் புதன் அவரே கேட்டார்:
"ஒரு தலை என்ன எடை இருக்கும்?"
"நாலரைக் கிலோ. ஐந்துகூட இருக்கலாம்."
"குனிந்தால்?"
"கழுத்துக்கு அது பல மடங்கு."
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார், தொழில்காரர்.
பிறகு, கூரையிடம் சொல்வது போல:
"தொங்கும்போது எங்கள் பூட்டுத் திறக்காது, தெரியுமா.
பெட்டியின் நாலு மூலையிலும் பூட்டு.
நான் எத்தனை தடவை பொத்தானை அமுக்கினாலும் சரி,
பெட்டி லாரிமேல் முழுசாக உட்கார வேண்டும்.
உட்கார்ந்ததும் விளக்கு எரியும்.
அப்புறம்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
விரல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.
வெளியே யாரோ கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இடது பக்கம்.
பிறகு, எந்த நொடியில் என்று தெரியாது,
முழுத் தலையும்.
அப்பா, என்ன கனம்!
சோப்பு வாசம் அடிக்கிற,
காதோரம் குல்லாயின் தடம் பதிந்த
நாலரைக் கிலோ.
என் புறங்கைகள் மெத்தைக்குள் அழுந்தின.
அவர் வாய் லேசாகத் திறந்துகொண்டது.
விளக்கு எரிகிறது, என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து சட்டை போட்டவர்
இடது தோளுக்கு மேலாகத் திரும்பி
கதவில் தொங்கிய தன் கோட்டைப் பார்த்தார்.
முழுசாக இல்லை, முக்கால்வாசி.
"ஒரு பொத்தானைக் காணோமே" என்றார்.

நாளை விடியலில் மேலே ஏறுவார்,
மறுபடி கீழே பார்ப்பார்.
வெள்ளிக்குள் பாதி இறுக்கம் திரும்பி வந்துவிடும்,
எனக்கும் தெரியும், அவருக்கும்.
அடுத்த ஆள் வரப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
வீங்கிய பெருவிரலை உருவிவிட்டுக்கொண்டே
செருப்பு வாரைப் பார்க்கக் குனிந்தேன்.
பிடரியில் சுருக்கென்றது.